பதினொரு விநாடி

மாரண்டஹள்ளிக்குத் தெற்கே
தக்காளி பறித்து முடிந்த கொல்லையில்
மோட்டாரை மேலே இழுத்துப் போட்டிருக்கிறோம்.
இருபதடிக் குழாய்கள், நாற்பத்தொன்று.
கழற்றக் கூலி கொடுத்தவர் சின்னமாதையன்,
அதனால் அவரே எண்ணுகிறார்.

ஆறரை அங்குல இருட்டுக்குள் கேபிளை விடுகிறேன்.
கருவி என் முழங்கை நீளம்.
நடுவில் சூடேறும் கம்பி,
அதற்கு மேலே ஒரு உணரி, கீழே ஒன்று.
இரண்டில் எதற்கு முதலில் சுடுகிறது
என்பதுதான் நான் படித்த படிப்பு.

"எவ்ளோ சூடு வெப்பீங்க?"
ஆறிப்போன டீ அளவுகூட இல்லை என்றேன்.
"அதுக்கா ஜீப்பு?"

இருநூற்றுப் பத்து அடி.
கேபிளின் ஆட்டம் அடங்கக் காத்திருந்தேன்.
யாரும் நடக்காதீர்கள் என்றதை
வரப்பில் நின்ற ஆடு மட்டும் கேட்கவில்லை.
பொத்தானை அழுத்தினேன்.

சூடு பட்ட நீர் மேலேறத்தான் பார்க்கும்,
பிறவிக் குணம்.
திரையில் மேல்கோடு படுத்தே கிடந்தது.
பதினோராவது விநாடியில்
கீழ்க்கோடு எழுந்தது.

மறுபடி. பதினொன்று.
மறுபடி. பன்னிரண்டு.

"மோட்டாரே இல்ல, தண்ணி சும்மாதான நிக்குது?"

நிற்கவில்லை.
நூற்றுத் தொண்ணூறில் ஒரு பாறைவெடிப்பு வழியாக வந்து
உங்கள் போர்வெல்லையே ஏணியாக்கி இறங்கி
ஐந்நூற்று அறுபதில் இன்னொரு வெடிப்புக்குள் போய்விடுகிறது.
அதற்குக் கீழே சோதித்தேன், அசைவில்லை.
டிரான்ஸ்பார்மர் வெடித்துக் கரண்டே இல்லாத
அந்த எட்டு நாளும் போயிருக்கும்.

அவர் கிழக்கே பார்த்தார்.
வேலிக்கு அந்தப் பக்கம்
பங்காளி வேடியப்பனின் புதுப் போர், தொள்ளாயிரம் அடி.
கோர்ட்டில் மூன்று வருஷம்.
"அவங்கிட்டதான போவுது? எழுதிக் குடுங்க."

இறங்குகிறது என்று எழுதலாம்,
என்ன வேகம் என்றும்.
வெடிப்புக்குள் நுழைந்தபின் எந்தத் திசை
என்பதற்கு என்னிடம் உணரி இல்லை.

மேல் வெடிப்புக்கு யார் தண்ணீர் வருகிறது
என்று அவர் கேட்கவில்லை.
மேற்கே ரோட்டோரம்
கருங்கல் கட்டிய பெரிய கிணறு ஒன்று,
வரும்போது பார்த்தேன்,
உள்ளே ஆளுயரத்துக்கு எருக்கு.
நானும் சொல்லவில்லை.

சாயங்காலம் மோட்டாரை இறக்கினார்கள்.
ஒவ்வொரு குழாய்க்கும் உரக்க எண்ணிக்கொண்டே வந்தவர்
இருபத்தெட்டில் நிறுத்தினார்.
பிடி சாவியோடு இரண்டு பையன்கள்
அவர் முகத்தையே பார்த்தபடி.

பிறகு, "ம், விடு" என்றார்.