ஃபலூடாவில் மிஞ்சியது

பாண்டூப் ஸ்டேஷன் ரோட்டில்
சப்ஜா விதை ஐம்பது கிராம் இருபது ரூபாய்.
ஏப்ரல் முழுக்க ஃபலூடா செய்து
ஷெஹ்னாஸும் நானும் குடித்துத் தீர்த்தபின்
பாக்கெட் மூலையில்
கடுகைவிடச் சின்னதாய்க் கொஞ்சம் மிச்சம்.
எறிய மனமில்லை.
(கஞ்சத்தனம்தான், வேறொன்றுமில்லை.)
தயிர் டப்பாவின் அடியில் ஓட்டை போட்டு
மண்ணில் தூவி ஜன்னல் கிரில்லில் வைத்தேன்.

நனைந்ததும் ஒவ்வொன்றும்
தவளை முட்டைபோல் கண் விழித்தது.
ஐந்தாம் நாள்
இரண்டிரண்டு இலையோடு
எழுந்து நின்றது ஒரு வகுப்பறை.

ஜூனில் ஓர் இலையைக் கசக்கி மோந்து
"ஏய், இது பேசில்" என்றாள் ஷெஹ்னாஸ்.
சூப்பர் மார்க்கெட்டில் குளிரில் விறைத்து
பத்துத் தண்டு தொண்ணூறு ரூபாய்க்குப்
படுத்திருக்குமே,
அதேதான்.

சுனந்தாபாய் அதைத் துளசியென்று எண்ணி
பாத்திரம் தேய்க்குமுன் ஒரு வாரமாய்க்
கும்பிட்டிருக்கிறாள்.
விஷயம் தெரிந்ததும் கிட்டப் போய்ப் பார்த்து
"அட, சப்ஜா" என்றாள்.
கும்பிட்டதைத் திருப்பிக் கேட்கவில்லை.

தென்காசியிலிருக்கும் அக்காவுக்குப் படம் அனுப்பினேன்.
திருநீற்றுப்பச்சை, என்று பதில் வந்தது.
கதம்பத்தில் வச்சுக் கட்டுவாங்களே, தெரியாதா?
தெரியாது.
பெயருக்குள் சாம்பல் வைத்திருக்கும் பச்சையை
நான் பேசில் என்றுதான் தின்றிருக்கிறேன்,
பீட்சாவின் மேல், ஒன்றே ஒன்று,
ஓரமாய் ஒதுக்கி.

நுனியைக் கிள்ளினால் இரண்டாய்க் கிளைக்கும்.
பாவம் பார்த்து விட்டுவைத்தால்
பூத்து, இலை கசக்கும்.
முதல் செடியைக் கெடுத்துத் தெரிந்துகொண்டது.

ரசத்தை இறக்கியதும்
கொத்தமல்லிக்குப் பதில் கிழித்துப் போட்டேன்.
தோல்வி.
அந்தச் சோம்பு வாசம் புளியோடு பேசவே இல்லை.
இருந்தாலும் குடித்தோம்.

பைன் கொட்டைக்கு வழியில்லை.
வறுத்த வேர்க்கடலை, நாலு பல் பூண்டு,
சீஸ் கட்டி ஒன்று, கைகொள்ளாத இலை.
மிக்ஸியில் இரண்டே சுற்று,
மூன்றாவதில் சூடேறிக் கறுத்துவிடும்.
"பெஸ்டோ" என்றாள் அவள்.
"துவையல்" என்றேன்.
சுடுசோற்றில் பிசைந்தபின்
யாரும் எதுவும் சொல்லவில்லை.

ஜூலையில்
இரண்டாம் மாடி கானிட்கர் ஏறி வந்தார்.
கையில் வெள்ளை பனியன்,
பனியனில் செம்மண் நிறத்தில் ஓர் ஆறு.
மும்பையே ஒழுகும் மாதத்தில்
எங்கள் சொட்டை மட்டும்
எப்படி அடையாளம் கண்டீர்கள் என்றேன்.
"வாசனை" என்றார்.
தொட்டிக்கு அடியில் தட்டு வைத்தோம்.

ஒரு வியாழன் மாலை
ஷெஹ்னாஸ் ஆறு தண்டு வெட்டி
ஈரத்துணியில் சுற்றிக்கொண்டாள்.
குர்லா கபர்ஸ்தானில் அவள் அப்பா.
அங்கே சப்ஜாதான் வைப்பார்கள்,
எத்தனையோ வருஷமாய்ப் பார்த்த இலை,
இதுதான் அதுவென்று
அவளுக்கும் உறைக்கவில்லை இத்தனை நாள்.
வாசலுக்கு வெளியே நின்று
தம்பியிடம் கொடுத்தனுப்பினாளாம்.
அன்றிரவு பாஸ்தா
தக்காளியோடு மட்டும் வெந்தது.
தட்டைக் கழுவும்போது சொன்னாள்:
"கை இன்னும் மணக்கிறது."

அடுத்த வாரமெல்லாம் நாங்கள் கிள்ளவில்லை.
மழையில் வேர் கொஞ்சம் அழுகி,
தண்டு கட்டையாகி,
கிரில்லுக்கு வெளியே வெள்ளையாய்ப் பூத்து,
காய்ந்து,
காற்றுக்குக் கொட்டியது.

அக்டோபரில் மறுபடி கதவு தட்டினார் கானிட்கர்.
கீழே கூட்டிப்போய்
ஏசி வைத்த சிமெண்ட் விளிம்பைக் காட்டினார்.
விரிசலில், ஏசித் தண்ணீர் சொட்டும் இடத்தில்,
விரல் உயரத்துக்கு ஒன்று.
"உங்களுடையது."
பிடுங்கிவிடுகிறேன் என்று கை நீட்டினேன்.
"அதற்கா கூப்பிட்டேன்?
எப்போது கிள்ள வேண்டும், அதைச் சொல்."
ஆறு இலை வரட்டும் என்றேன்.
கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக்கொண்டு
குனிந்து எண்ணத் தொடங்கினார்.
நாலு.