ட்ராய் சொன்ன ‘வீ’

திங்கள், விடிய மூன்று மணி.
டாண்டினோங் தெற்கில் பிரேக் பேட் அடுக்கும் கிடங்கு.
ஃபோர்க்லிஃப்டுகள் நாடியைத் தரையில் வைத்துத் தூங்க
தேநீர் அறையில் ஐந்து பேர்,
ஒரு மைக்ரோவேவ், ஒரு வழக்கு.

எதிரி: ட்ராய் கெல்லாஹர்.
பதினோரு வருடம் மரூன் சட்டை
கடைசி இரண்டு வருடம் பச்சை.
இப்போது கோட்டு, கோட்டில் குத்திய மைக்.
சனி இரவு, நாலாம் குவாட்டர்,
இரண்டு நிமிடம் மிச்சம், புள்ளிகள் சமம்.
மரூனும் பச்சையும் சேற்றில் கட்டிப் புரளும்போது
வர்ணனைப் பெட்டிக்குள்ளிருந்து வாய் தவறிற்று அவனுக்கு:
‘வீ நீட் எ கோல்.’

யார் அந்த ‘வீ’?

‘மரூன்தான்’ என்றாள் கெர்ரி.
அவள் கெண்டைக்காலில் பதினேழு என்று பச்சை குத்தியிருக்கிறாள்,
அவனுடைய இலக்கம்.
(பச்சை குத்தியதென்று சொல்லாதே, மரூன் மையில் குத்தியது என்பாள்.)

ஸ்டாவ்ரோஸ் மேசையில் தட்டினான்.
‘முழங்கால் ஒப்பரேஷன் முடிஞ்ச மறுநாள்
போனில கூப்பிட்டுப் போகச் சொன்னவங்கள் உங்கட ஆக்கள்.
நொண்டிக்கொண்டு வந்தவனுக்குக் கதவு திறந்தது நாங்கள்.
அவன்ட மகள் இப்ப எங்கட பெண்கள் அணியில.’

ஹியென் நூடுல்ஸை ஊதினாள்.
‘சம்பளம் போடுற சேனல்தான் அவனுக்கு டீம்.’

மயூரதன் போனில் அந்தக் காட்சியை
மெதுவாக ஓட்டினான், திரும்ப ஓட்டினான்.
‘இடது கையைப் பாருங்கோ, மேசையை இறுக்கிப் பிடிக்குது.’
எந்த அணிக்காக இறுகுகிறது என்று
கை சொல்லவில்லை.

கடைசியில் பந்து கம்பத்தில் பட்டு
ஒற்றைப் புள்ளியில் பச்சை வென்றது.
குறி தவறினாலும் ஒரு புள்ளி தருகிற ஆட்டம் இது.
வந்த புதிதில் அதைக் கேட்டபோது
இந்த நாட்டின்மேல் எனக்கொரு நல்லெண்ணம் வந்தது.

நான் சும்மா இருந்திருக்கலாம்.
‘எங்கட மொழியில இந்த வழக்கே வந்திராது’ என்றேன்.
‘நாம் என்றால் கேட்கிறவனும் உள்ளே.
நாங்கள் என்றால் அவன் வெளியே, கதவு சாத்தியாச்சு.’

ஐந்து நிமிட அமைதி கிடைக்கும் என்று நினைத்தேன்.
‘நாம்’ என்றாள் கெர்ரி, என்னையும் சேர்த்துத்தான் சொன்னான்.
‘நாம்ப்’ என்றான் ஸ்டாவ்ரோஸ், என்னைச் சேர்த்துத்தான்.
இரண்டு சொல் எடுத்துக் கொடுத்தேன்
இருவரும் ஒன்றையே பிடித்து இழுத்தார்கள்.
‘நாங்கள்’ அநாதையாகக் கிடந்தது
ஹியென் அதை எடுத்துச் சேனலுக்குக் கொடுத்தாள்.

‘அண்ணை,’ என்றான் மயூரதன் தமிழில்,
‘வீட்டில மேட்ச் பார்க்கேக்க நீங்கள் என்ன சொல்லுவியள்?’

நான் சாப்பாட்டுப் பெட்டியின் மூடியைக் கழுவப் போனேன்.
அந்த இரண்டு நிமிடமும் குசினிக்குள் எழும்பி நின்று
‘போடடா! போடு!’ என்று கத்தியவன் நான்.
எவனைப் போடச் சொன்னேன்?
மனைவி கேட்கவில்லை.
ஏவலுக்கு எழுவாய் தேவையில்லை என்பது
எவ்வளவு பெரிய நிம்மதி.

கதவில் பிரெண்டன், கையில் அட்டை:
‘வீ நீட் லெவன் பாலெட்ஸ் பை சிக்ஸ்.’
நாலு முகமும் என் பக்கம் திரும்பின.

‘இது மூன்றாவது வகை,’ என்றேன்.
‘தமிழில் இதுக்கு, நீங்கள்.’

சிரித்தபடியே கையுறை மாட்டினோம்.
கெர்ரி மட்டும் சிரிக்கவில்லை.
காலுறையை முழங்கால்வரை இழுத்துப் பதினேழை மூடினாள்,
ஃபோர்க்லிஃப்ட் சாவியைத் திருகினாள்,
எஞ்சின் சத்தத்துக்கு மேலால் கத்தினாள்:
‘சொன்ன உடனே தண்ணி குடிச்சான், கவனிச்சியா?
மனசில ஒண்டும் இல்லாதவன்
அந்த நேரத்தில ஏன் தண்ணி குடிக்கிறான்?’