மூன்றெழுத்துக்கு மேல் இடமில்லை

தியோவின் கடையில் அந்தப் பெட்டி
பழைய இருபது காசை மட்டும்தான் விழுங்கும்.
இரண்டு வெள்ளி நீட்டினால்
மைலோ டின்னைக் குலுக்கிப்
பத்து நாணயம் எண்ணித் தருவார்.
சாயங்காலம் அதே நாணயங்கள்
அதே டின்னுக்குத் திரும்பும்.
அணைத்தால் திரும்ப எழாதோ என்ற பயத்தில்
பெட்டியை அவர் அணைப்பதே இல்லை.

ஹவ்காங், காலை ஏழரை.
சாங்கியில் இரவு முழுக்க
விமானங்களுக்கு எண்ணெய் ஊற்றிவிட்டு வருகிறேன்.
சட்டையில் இன்னும் அந்த வாடை.
பக்கத்து ஸ்டூலில் யாரும் உட்கார்வதில்லை,
அதுவும் வசதிதான்.

ஒரே நீலத்தில் கடல்.
கொக்கி வால் வைத்த ஒரு தீவு.
இருபது விநாடி கழித்து
மறுபடி அதே தீவு.
கீழிருந்து மேலாக நான்,
மேலிருந்து கீழாக அவர்கள்.
எந்த நாட்டோடு சண்டை, எதற்கு,
பெட்டி சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.
நான் கேட்பது ஒன்றுதான்:
இவ்வளவு நேரம் பறக்கிறதே,
இதற்கு யார் எண்ணெய் ஊற்றினார்கள்?
ஒரு குழாய், ஒரு மீட்டர், ஒரு கையெழுத்து
ஒன்றும் கிடையாது.
என் வேலையை விட்டுவிட்டுத்தான்
இந்த உலகத்தை வரைந்திருக்கிறான் எவனோ.

சிவப்புப் பொத்தானை அழுத்தினால்
விமானம் கரணம் அடிக்கும்.
அந்த ஒன்றரை விநாடி
எந்தக் குண்டும் படாது.
நீங்களும் சுட முடியாது.
ஓர் உயிருக்கு மூன்று கரணம்.
எனக்குத் தெரிந்த பலர்
மூன்றையும் முப்பது வயதுக்குள்
அடித்துத் தீர்த்துவிட்டார்கள்.
நான் எப்போதும் ஒன்றை மிச்சம் வைப்பேன்.
எதற்கென்று தெரியாது.

சில நாள் ஒன்பதைத் தாண்டிவிடும்.
பாய லேபாரிலிருந்து நிஜமானவை கிளம்பும்.
புளோக்கே வாயை மூடிக்கொள்ளும்:
காப்பிக்கடையில் பாதி ஆர்டர்,
படிக்கட்டில் பாதி சண்டை,
தொலைபேசியில் பாதி 'ஆமா'.
சத்தம் கடந்ததும்
விட்ட எழுத்திலிருந்து எல்லாரும் தொடர்வார்கள்.
பெட்டிக்குள் மட்டும் யாரும் நிறுத்துவதில்லை.
அண்ணாந்து பார்த்த நேரத்தில்
எனக்கு இரண்டு உயிர் போயிற்று.

நிறையப் புள்ளி எடுத்தால் பெயர் கேட்கும்.
மூன்றெழுத்து, அதுவும் ஆங்கிலத்தில்.
மங்கையர்க்கரசி என்று அப்பா வைத்ததை
முன்னாலிருந்து வெட்டினேன்.
எம், ஏ, என்.
போட்டு முடித்துவிட்டுத்தான் வாசித்தேன்.
மங்கையருக்கெல்லாம் அரசி
ஒரே வெட்டில் ஆம்பளை.
தியோ சிரித்த சிரிப்பில்
கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியிருந்தது.
மாற்றட்டுமா என்றேன்.
வேண்டாம், வம்புக்கு எவனும் வரமாட்டான் என்றார்.

எனக்கு மேலே ஒருவர்தான்.
ஏ, ஏ, ஏ.
எழுத்துத் தேடக்கூடப் பொறுமையில்லாதவர்.
பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டிருக்கும்,
அல்லது அலட்சியம்.
அலட்சியம் என்றே முடிவுசெய்து
நான்கு மாதம் துரத்தினேன்.
இறக்கைக்கு அடியில் குழாய் மாட்டும்போதும்
வலது ஆள்காட்டி விரல்
அவரைச் சுட்டுக்கொண்டே இருந்தது.

போன வியாழன்
தியோ சோற்றுக் குக்கரைச் சொருக,
கடை முழுக்க இருட்டு.
பயந்தபடி ஆகவில்லை, பெட்டி எழுந்துவிட்டது.
பட்டியலில் நான் இல்லை.
ஏ, ஏ, ஏ இருந்தார்.
அதே எண், அதே இடம்.
"அது ஆளில்லை," என்றார் தியோ.
"பெட்டியோடு வந்தது."

ஆளில்லாத ஒருவர் மேல்
நான்கு மாதக் கோபம்.
அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?
டின்னை நகர்த்தி வைத்தார்.
கடல். தீவு. மறுபடி தீவு.
கடைசி உயிர்,
நாலா பக்கமும் வந்துவிட்டார்கள்,
மிச்சம் வைத்திருந்ததை அழுத்தினேன்.

தலைகீழாக இருக்கும்போதுதான் பார்த்தேன்.
கொக்கி வால் தீவின் ஓரத்தில்
யாரோ இரண்டு புள்ளி மணல் போட்டிருக்கிறார்கள்.
ஆட்டத்துக்கு அதில் ஒரு பயனும் இல்லை.

"ஓய், மேன்," என்று பின்னாலிருந்து தியோ.
"சோறு ஆயிற்று.
கருவாடு சாப்பிடுவாயா?"