பதினேழாம் வாய்க்கால்

மாலை வேண்டாம் என்று நான்தான் சொன்னேன், ஹெல்தூர்.
சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நம் ரொட்டி டப்பாவை வைத்தேன்,
மூடியில் சிவப்புக் கோழி போட்டிருக்குமே, அது.
பிப்ரவரிக் குளிரில் கையுறையைக் கழற்றி
ஆளாளுக்குப் போட்டார்கள்.
எதற்கென்று கேட்டவர்களுக்கு மட்டும் சொன்னேன்:
சதுப்புக்கு.
பால்பண்ணை ஆர்வெட் நீட்டிய கையைப் பாதியில் நிறுத்தி
என் முகத்தைப் பார்த்தான்.
பிறகு போட்டான்.

நியாயம்தானே.
ஹல்லிக்சோவின் தண்ணீரை வடித்தவன் நீ.
பதினோரு கோடை, இருபத்துமூன்று வாய்க்கால்,
ஒரு பதக்கம். அதன் பெட்டியில் இப்போது என் பொத்தான்கள்.
காய்ந்த இடத்தில் பைன் வந்தது, குச்சிபோல், நோஞ்சானாக.
கிரான்பெரி போனது. பெருங்கொக்குகள் போயின.
ஒரு ஜூலையில் மண்ணே பற்றிக்கொண்டது,
மூன்று வாரம், அடிக்குள்ளேயே, புகை மட்டும் வெளியே.
நீ ஜன்னலைச் சாத்திவிட்டுச்
செய்தித்தாளின் ஒரே பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தாய்.
நான் ஒன்றும் கேட்கவில்லை.
அது என் பங்கு.

டப்பாவில் விழுந்ததும் உன் படகை விற்றதும் சேர்ந்தால்
ஆறு வாய்க்காலை அடைக்கலாம் என்றார்கள்.
பள்ளிக்கூடப் பிள்ளைகளை மாதம் ஒருமுறை
கூட்டிவர பஸ்ஸுக்கும் கொஞ்சம் மிஞ்சும்.
தார்த்துவிலிருந்து வந்தவர்களுக்கு வாய்க்கால் எங்கே என்றே தெரியவில்லை.
புதர் மூடிவிட்டது.
பரணிலிருந்து உன் வரைபடங்களை இறக்கினேன்.
உன் கையெழுத்தைப் பார்த்துப் பார்த்துத்தான்
உன் வேலையை அழித்தோம்.
பொக்லைன் ஓட்டிய ஐவோ சொன்னான்:
"ஒரு சாண்கூடத் தப்பவில்லை, வைக்கே.
மனுஷன் நூல் பிடித்திருக்கிறார்."

ராத்திரிகளில் அந்த ஓரங்களைப் படித்தேன்.
வருத்தமாய் ஒரு வரி,
அதுகூட வேண்டாம், ஒரு கேள்விக்குறி.
சரிவு. ஆழம். கனமீட்டர்.
பதினேழாம் வாய்க்கால் வரைந்த தாளின் முதுகில் பென்சிலில்:
உப்பு, மூன்றங்குல ஆணி, வைக்கேவுக்குக் கையுறை.
எந்தக் கையுறை?
நீலமா, கட்டைவிரல் கிழிந்ததே, அதுவா?
அன்று அதற்குமேல் படிக்கவில்லை.

குல்லிக்கி டீச்சரோடு வருகிறார்கள்,
மொத்தப் பள்ளியே பத்தொன்பது பேர்.
சதுப்பில் எட்டுக் குழாய்கள் நட்டிருக்கிறது.
நாடாவை இறக்கி, அடியில் 'களக்' கேட்டதும்
தரைக்கு எத்தனை கீழே தண்ணீர் என்று எழுத வேண்டும்.
பூஜ்யத்துக்குக் கீழேயும் எண் உண்டென்று
சின்னதுகள் தெரிந்துகொண்டது இங்கேதான்,
சேற்றில் கால் புதைய நின்று.

பலகையில் உன் பெயரைப் படித்துவிட்டு உக்கு கேட்டான்,
எட்டு வயது, ஒழுகும் மூக்கு:
"தண்ணியை வெளியே விட்டதே இவர்தானாமே.
அப்போ இவர் பண்ணினது தப்பா?"
டீச்சர் என்னைப் பார்த்தாள்.
என்னிடம் இருந்ததெல்லாம் பெரியவர்களுக்கான பதில்:
அந்தக் காலம், மேலிடத்து உத்தரவு, உருளைக்கிழங்குக்கு நிலம்.
"அவருக்கு அளவு தப்பியதே இல்லை" என்றேன்.
"நாடாவை நேராய்ப் பிடி."
பிடித்தான்.
பஸ் ஏறும்போது திரும்பி ஒருமுறை பார்த்தான்,
ஆர்வெட் பார்த்த அதே மாதிரி.

போன மார்ச்சில் மூன்றாம் குழாயில் முப்பத்தொன்று.
நேற்று எட்டு.
உன் தாளில் பதினேழுக்குப் பக்கத்தில் எழுதிவைத்தேன்,
பேனாவால்.
கொக்கு இன்னும் வரவில்லை.
பைன்கள் நின்றபடியே சாகின்றன.
உனக்குப் பிடிக்காது, தெரியும்.
எனக்கும் பார்க்கக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.
பாசி மட்டும் உன் வாய்க்காலின் இரண்டு கரையிலிருந்தும்
நடுவை நோக்கி வருகிறது, அவசரமில்லாமல்.
அழுத்திப் பார்த்தேன்,
மணிக்கட்டுவரை உள்ளே வாங்கிக்கொண்டது.

கையுறை நனைந்துவிட்டது, ஹெல்தூர்.
அடுப்புமேல் காயப் போட்டிருக்கிறேன்.