பார்க்கலாம்

காலை ஒன்பதேகால்.
தாலின் நகரில், ஒருகாலத்தில் ஒட்டுப்பலகை செய்த
ஆலையின் மூன்றாம் மாடி.
ஐந்து பேர் நிற்கிறோம்.
உட்கார்ந்தால் பேச்சு நீளும் என்று
நிற்கிறோம்.
காலணிகளிலிருந்து பனி உருகி
ஆளுக்கொரு குட்டை.

சுவரில் பதினொரு மஞ்சள் தாள்கள்.
இரண்டு வாரத்துக்கு நாங்களாக எடுத்துக்கொண்டவை,
யாரும் தலையில் கட்டவில்லை.
ஹீயுமா தீவின் மருந்துக்கடைக்கு
இன்று படகு வருமா வராதா
என்று சொல்ல ஒரு செயலி.
அவ்வளவுதான்.

"இன்று முடிந்துவிடும்" என்கிறான் ராய்வோ.
நேற்றும் இன்றுதான் முடிந்திருந்தது அவனுக்கு.
மார்கிட் "பாதி" என்கிறாள்.
அவள் பாதி என்றால் பாதி,
அளந்து பார்க்க வேண்டாம்.
என் முறை.
படகு ரத்தானால் போகவேண்டிய குறுஞ்செய்தி,
என் பெயர் எழுதிய தாள்.

"பார்க்கலாம்."

எஸ்தோனியத்திலும் உண்டு இந்தச் சொல்.
கேட்பவருக்கு ஆம் போல இருக்கும்,
எனக்கோ
தப்பித்துப் போக ஒரு பின்கதவு.
சிர்யே தலையசைத்துக் குறித்துக்கொண்டாள்.
எதைக் குறித்தாள்?

பிறகு காய்டோ:
"என் தாளை யாராவது எடுத்துக்கொள்ளுங்கள்.
மகளுக்குக் காதுவலி, மூன்று இரவாய்த் தூக்கமில்லை.
வெள்ளிக்குள் என்னால் ஆகாது.
இன்றைக்கே சொல்லிவிடுகிறேன்."

வெப்பக்குழாய் மட்டும் டக் டக்கென்றது.
மார்கிட் அந்தத் தாளை உரித்து
ஒன்றும் பேசாமல்
தன் பெயருக்குக் கீழே ஒட்டினாள்.
ராய்வோ கழுத்தைச் சொறிந்தான்.
"எனக்கும்... நாளை மறுநாள்தான்."

கடல் உறைந்த ஒரு பிப்ரவரியில்
அந்தத் தீவுக்குப் பனிமேல் வண்டி ஓட்டிப் போனேன்.
கரையில் ஒரு பலகை:
எத்தனை டன் தாங்கும் என்று ஓர் எண்.
விடியலில் யாரோ துளையிட்டு அளந்து
மாற்றி எழுதிய எண்.
இருக்கைப் பட்டையைக் கழற்றிவிட்டு
அதை நம்பி இறங்கினோம்,
நானும், முன்னால் போன விறகு லாரியும்.
நேற்றைவிடக் குறைவான எண்தான்.
யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.
"பார்க்கலாம்" என்று எழுதியிருந்தால்
எவன் இறங்குவான் கடலில்?

"சிர்யே, அழித்துவிட்டு எழுது" என்றேன்.
"வியாழன், மாலை நான்கு.
முடியாதென்று தெரிந்தால்
புதன் மதியத்துக்குள் சொல்வேன்."

புதன்.
பன்னிரண்டாக ஐந்து நிமிடம்.
தொண்டையைச் செருமினேன்.
நான்கு நாற்காலிகள்
என் பக்கம் திரும்பின.