கடல் சிவந்த நாட்கள்

பர்காவில் கடல் சிவந்துவிட்டது.
ரத்தமில்லை, பாசி.
சைதுதான் முதலில் பார்த்தான்,
செத்த மீன் நாறத் தொடங்கும் முன்பே.
உறிஞ்சு குழாய்களை மூடச் சொன்னார்கள்.
பம்புகள் ஒவ்வொன்றாய் அடங்க
ஆலைக்குள் ஒரு மௌனம் வந்தது பாருங்கள்,
எனக்கு அது பழகிய மௌனம்.

மார்ச்சில் பிறந்தான் எங்கள் பையன்,
ஏழாம் மாதத்தில், நாசரேத் ஆஸ்பத்திரியில்.
ஒன்பது நாள் இருந்தான்.
கம்பெனியிடமிருந்து பாஸ்போர்ட்டை வாங்கி
நான் மஸ்கட் ஏர்போர்ட் போய்ச் சேர்ந்தது பத்தாம் நாள்.
போர்டிங் வரிசையில் நிற்கையில்
ஹெப்சி அழைத்தாள்.
"மெதுவா வாங்க."
அந்த இரண்டு சொல்லை
இன்னும் என்னால் ஜெபத்தில் வைக்க முடியவில்லை.

பேர் வைத்திருந்தோம், ஆசேர் என்று.
பாக்கியவான் என்று அர்த்தம்.
அர்த்தம் பார்த்துத்தான் வைத்தோம்.

வெள்ளிக்கிழமை ஆராதனை காலாவில்,
எங்களுக்கு ஒன்பதரை முதல் பதினொன்று வரை.
அதன்பின் அரங்கம் தெலுங்குச் சபைக்கு.
திரும்பி வந்த முதல் வாரம்
கை கொடுத்தவர்கள் சொன்னார்கள்:
எல்லாம் நன்மைக்குத்தான் பிரதர்.
ஒரு திட்டம் இருக்கும் பிரதர்.
ஆமென் என்றேன். வேறென்ன சொல்வது,
பின்னால் வரிசை நின்றது.
பாட்டுக்கு வாயை மட்டும் அசைத்தேன்.
அசைத்ததை அவர் பார்த்திருப்பார்.

கார்பென்டர் தேவதிரவியம் மட்டும்
ஒன்றும் சொல்லவில்லை.
இரண்டு பரோட்டாப் பொட்டலத்தை
என் மடியில் வைத்துவிட்டு
செருப்பைத் தேடிப் போனார்.

சிவப்பு நான்கு நாள் நின்றது.
ஊருக்குத் தண்ணீர் நிற்கவில்லை.
தெளிந்த நாட்களில் தொட்டிகளில் ஏற்றி வைத்தது
இறங்கிக்கொண்டே இருந்தது.
ஆலை மூடிக் கிடப்பதை அறியாமலே
எல்லோரும் அரிசி களைந்தார்கள்.
நானும் அப்படித்தான்,
யாரோ ஏற்றி வைத்த ஜெபத்தில்
முகம் கழுவிக்கொண்டிருந்தேன் எட்டு மாதமாய்.
ஹெப்சி ஏற்றியதா,
பரோட்டா வாங்கியவர் ஏற்றியதா,
பதினேழு வயதில் கன்வென்ஷன் பந்தலில்
நானே அழுதுவிட்டு மறந்துபோனதா,
அதற்கு மீட்டர் கிடையாது.

கரையில் நின்று சைது சொன்னான்,
கடலுக்கு நோயில்லை,
எதுவோ அதைக் கடந்து போகிறது.
அவன் கடலைத்தான் சொன்னான்.
லாக் புத்தகத்தில் எழுத இடமில்லாத வாக்கியம்.
கையுறைக்குள் போட்டுக்கொண்டேன்.

சிவப்பு விலகியதும் எல்லாம் சரியாயிற்று
என்று சாட்சி சொல்ல மாட்டேன்.
பம்புகள் ஓடின, அவ்வளவுதான்.
ரூவியில் வாங்கிய தொட்டில் துணி
விலைச்சீட்டு கிழியாமல்
இன்னும் என் பெட்டியில் இருக்கிறது.

நேற்று ராத்திரி ஹெப்சி
என்றும் கேட்காத கேள்வி கேட்டாள்.
"கடல் தண்ணில உப்பு முழுசா போயிருமா?"

போக்கிரலாம் என்றேன்.
ஆனா ஒண்ணுமே இல்லாத தண்ணிக்கு
பசி அதிகம், குழாயையே தின்னும்.
ருசியும் இருக்காது.
அதனால கடைசில
கொஞ்சம் சுண்ணாம்ப நாங்களே திருப்பிக் கலப்போம்.

நெடுநேரம் அங்கே மின்விசிறிச் சத்தம்.
பிறகு,
"அப்போ அவனைப் பத்திப் பேசலாம்ல?"

பேசினோம்.
ஒன்பது நாளை ஒன்றரை மணி நேரம்.
எந்தக் கண்ணை முதலில் திறந்தான்,
நகம் எவ்வளவு இருந்தது,
யார் சாயல்.
இடையில் ஒருமுறை அவள் சிரித்தாள்கூட,
காது உங்களை மாதிரியே, பெருசு.

ஜெபிச்சிட்டு வச்சிரலாமா என்றாள்.
வாயைத் திறந்தேன்.
ஆண்டவரே என்பது வரை வந்தது.
மீதியை,
லைனைத் துண்டிக்காமல்,
இரண்டு பேரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.