பத்து நிமிடத்தில் மூன்று

பதினாலாயிரத்து ஐநூறு. ஸ்டெபிலைசர் தனி.
பெட்டியோடு ஆட்டோவில் வந்து இறங்கியதும்
எதிர்வீட்டு லூர்தம்மாள் கேட்டாள்,
'மாவாட்டுத மெசினா?'
'மிக் வெல்டிங்க்கா.'
'மிக்சியா?'

எல்லாம் ஒரு கீலால் வந்தது.
பின்வாசல் கதவுக் கீல் விட்டுப்போய்
சுயம்பு பட்டறைக்கு நாலு நடை.
நாளைக்கு, நாளைக்கு.
ஐந்தாம் நாள் அவர் சொன்னார்,
'சின்ன வேலைன்னா பயலுவ வரமாட்டேங்கானுவக்கா.'
அன்று சாயங்காலம்
கேஷ் கவுண்டரை அடைத்த கையோடு
பண்டிகை அட்வான்ஸுக்கு எழுதிக்கொடுத்தேன்.
எந்தப் பண்டிகை என்று யாரும் கேட்கவில்லை.

மெசினைப் பற்றிப் பெருமை பேச ஒன்றுமில்லை.
கூட வந்த எர்த் கிளாம்ப்
துணி காயப்போடும் கிளிப்புக்குத் தங்கச்சி.
முதல் வாரமே வெட்டிப் போட்டு
வள்ளியூரில் பித்தளையில் ஒன்று வாங்கினேன்.
உள்ளே கம்பியைத் தள்ளும் உருளை
இறுக்கினால் கடிக்கும்,
தளர்த்தினால் நின்ற இடத்திலேயே சுற்றும்.
ஒரு ராத்திரி மூடியைத் திறந்தால்
சுருண்டு சுருண்டு கம்பி
காக்காய் கட்டிய கூடாய்க் கிடக்கிறது.
வெட்டி எடுத்து,
ஊசியில் நூல் கோர்ப்பதுபோல் கோர்த்து
ட்ரிகரை அழுத்தி
டார்ச் முனையில் அது எட்டிப்பார்க்கும்வரை
நான் மூச்சுவிடவில்லை.

பத்து நிமிடத்தில் மூன்று நிமிடம் உழைக்கும்.
அதற்குமேல் கேட்டால்
மஞ்சள் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடும்.
விசிறி மட்டும் உறுமும்.
முன்பு எங்கள் கிளையில் ஒரு மேனேஜர் இதே மாதிரி.
அவருக்கு விளக்குதான் இல்லை.
அந்த ஏழு நிமிடத்தில்
சோறு வடித்திருக்கிறேன்,
டிப்பில் ஒட்டிய சிதறலைச் சுரண்டியிருக்கிறேன்,
மகளின் ரேங்க் கார்டில்
கரி விரலோடு கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

பிறகு ஆனி பிறந்தது.
பணகுடிக் காற்றை வெளியூர்க்காரரிடம் சொல்லிப் புரியவைக்க முடியாது.
கணவாயில் புகுந்து வந்து விழும்போது
கொடியில் சேலை நிற்காது,
வாயில் சொல் நிற்காது.
ஊரைச் சுற்றி நிற்கும் காற்றாடிகள்
அதைத் தின்று கரண்டாக்கும்.
அந்தக் கரண்டில் நான் பற்றவைக்க
அதே காற்று சுவர் ஏறி வந்து
உருகும் இரும்புக்குப் போர்த்திய கேஸை
உருவிக்கொண்டு போகும்.
வைத்த பற்றெல்லாம் பொத்தல்,
ஆப்பம்போல.
ஒரு தட்டுத் தட்டினேன், கீல் கையோடு வந்தது.

படுதா கட்டினேன்.
படுதா லூர்தம்மாள் முருங்கையில் கிடந்தது.

அதற்கப்புறம்தான் கேஸ் வேண்டாத கம்பி வாங்கி
உள்ளே பிளஸ்ஸையும் மைனஸையும் மாற்றிப் போட்டேன்.
புகை அதிகம். மேலே சாம்பல் தோல்.
சுத்தியலால் கொத்த அது உரிந்து
அடியில் என் கோணல் கையெழுத்து.
சரியா தப்பா என்பதைக் கண் சொல்வதற்குமுன்
காது சொல்லிவிடும்:
கடுகாய் வெடித்தால் தப்பு,
முறுக்கு வேகும் இரைச்சல் ஒரே சீராய் வந்தால்
கையை ஓட்டலாம்.

கதவு நிற்கிறது.
அப்புறம் சைக்கிள் கேரியர், துளசிச் சட்டிக்கு வளையம்,
லூர்தம்மாளின் கோழிக்கூட்டுக்கு நாலு கால்,
மூன்று நேர்.

சுயம்பு பணம் எடுக்க வந்தார்.
நோட்டு எண்ணும் என் மணிக்கட்டில்
பொறி விழுந்த புள்ளிகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.
'என்ன கம்பி?'
'பாயிண்ட் எட்டு.'
'அது போதும்' என்றார்.
இரண்டாவது தடவை எண்ணாமல் வாங்கிக்கொண்டு போனார்.

ஆடிட் வந்த மூன்று வாரம் மெசினைத் தொடவில்லை.
ஞாயிற்றுக்கிழமை எடுத்தால்
டார்ச் நாசிலை மண்ணால் அடைத்துவைத்திருக்கிறது ஒரு குளவி.
உருண்டை உருண்டையாய் ஈரமண் கொண்டுவந்து
வரிமேல் வரி வைத்து, இந்தக் காற்றில்,
ஒரு பொத்தல் இல்லாமல்.
காதை வைத்துப் பார்த்தேன்.
முறுக்குச் சத்தமும் இல்லை, கடுகுச் சத்தமும் இல்லை.

நாசில் நாற்பது ரூபாய்தான்.
கழற்றி ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு
வேறொன்று மாட்டிக்கொண்டேன்.
மஞ்சள் விளக்கு எரியும்போதெல்லாம்
போய்ப் பார்க்கிறேன்.
இன்னும் அடைத்தேதான் இருக்கிறது.